ஐஸும் தண்ணீர்தான்: வாசகர் கேள்வி பதில்

குளிர்ந்த மசாலா டீ பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "எனக்கு மட்டும் ஏன் தண்ணியா வருது?" என்று கேட்பவை. மீதிப் பாதி எஸ்பிரெஸ்ஸோ பற்றியவை: மிஷின் இல்லாமல் முடியுமா, மிஷின் வாங்கியும் ஏன் சரியாக வரவில்லை, இப்படி. எல்லாவற்றையும் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நாம் டீத்தூளை அளக்கிறோம், பாலை அளக்கிறோம், சர்க்கரையை அளக்கிறோம், ஐஸை மட்டும் கையால் அள்ளிப் போடுகிறோம். அதுவும் தண்ணீர்தானே, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இந்தக் கேள்விகளில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

கேள்வி: அக்கா, சூடா குடிக்கும்போது அருமையா இருக்கிற மசாலா டீயை அப்படியே ஐஸ் மேல ஊத்தினா சாயம் போன தண்ணி மாதிரி ஆயிடுது. சரி, டீயை இன்னும் நல்லா கொதிக்க விடலாம்னு பார்த்தா கசக்குது. எங்கே தப்பு பண்றேன்?

உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த டீ சூடாகக் குடிப்பதற்கென்று அளந்து போட்டது, அவ்வளவுதான்.

பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1 கிராம் தண்ணீர் 1 டிகிரி ஆறினால் 1 கலோரி வெப்பம் வெளியேறும், 1 கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வேண்டும் (இது உணவுப் பொட்டலத்தில் போடுகிற பெரிய கலோரி இல்லை, இயற்பியல் புத்தகத்துச் சின்ன கலோரி). அடுப்பிலிருந்து இறக்கின 100 மில்லி டீ 90 டிகிரியில் இருக்கிறது, அதை 5 டிகிரிக்குக் கொண்டுவர 8,500 கலோரி வெளியேற வேண்டும், அத்தனையையும் ஐஸ்தான் உறிஞ்ச வேண்டும் என்றால், ஃப்ரீசர் குளிரிலிருந்து ஐஸ் 0 டிகிரிக்கு வரவும், உருகின தண்ணீர் 5 டிகிரிக்கு ஏறவும் உறிஞ்சுகிற வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 90 கிராம் ஐஸ் உருகித் தீரும். அதாவது 100 மில்லி டீயில் 90 மில்லி தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறீர்கள். அதே டீ அறைச் சூட்டுக்கு, ஒரு 30 டிகிரிக்கு, ஆறியிருந்தால் 25, 30 கிராம் ஐஸ் உருகினால் போதும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த டீ என்றால் ஊற்றும்போது உருகுவது ஒரு ஸ்பூன்கூட இருக்காது.

அதனால் செய்ய வேண்டியது இரண்டு. டிக்காஷனை இரண்டு மடங்கு கெட்டியாகப் போடுவது, ஐஸைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதை ஆற வைப்பது.

நான் போடுகிற அளவைச் சொல்கிறேன், இரண்டு பெரிய டம்ளருக்கு வரும். 350 மில்லி தண்ணீரில் இடித்த இஞ்சி கட்டைவிரல் நுனி அளவு, ஒரு சின்னத் துண்டு பட்டை, 2 கிராம்பு, 6 மிளகு போட்டு எட்டு நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும். தட்டின ஏலக்காய் 4, அதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு 10 கிராம் டீத்தூள், அதாவது டீஸ்பூனால் கோபுரம் இல்லாமல் 5, போட்டு மூடிவிடுங்கள். நாலு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கெட்டியான டீ வேண்டுமென்றால் தூளைக் கூட்ட வேண்டும், நேரத்தைக் கூட்டக் கூடாது. நேரத்தைக் கூட்டினால் வருவது கசப்பும் துவர்ப்பும். உங்களுக்குக் கசந்தது இதனால்தான்.

வடிகட்டின சூட்டோடு சர்க்கரையைப் போட்டுக் கரைத்துவிடுங்கள், ஆறின பிறகு போட்டால் டம்ளரின் அடியில் மணல் மாதிரி கிடக்கும். ஒரு விஷயம், குளிர்ந்த நாக்குக்குத் தித்திப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் சூடாக ருசி பார்க்கும்போது 'கொஞ்சம் தூக்கலா இருக்கே' என்று தோன்றுகிற அளவுதான் சரியான அளவு. பாத்திரத்தை அகலமான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதற்குள் இறக்கி வைத்தால் கால் மணி நேரத்தில் ஆறிவிடும். பிறகு ஃப்ரிட்ஜ். குடிக்கும்போது டம்ளர் நிறைய ஐஸ், பாதிக்கு மேல் டிக்காஷன், மேலே குளிர்ந்த பால்.

கொதிக்கிறதை நேராகக் கண்ணாடி டம்ளரில் ஊற்றாதீர்கள். நான் ஒரு முறை ஐஸ் போட்டு வைத்திருந்த கனமான கண்ணாடிக் குவளையில் அவசரத்தில் ஊற்றி, அது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு அடியோடு கழன்று வந்தது, மேடை முழுக்க டீயும் கண்ணாடிச் சில்லும். கனமான கண்ணாடி என்றால் தாங்கும் என்று நினைத்திருந்தேன், உண்மையில் கண்ணாடி தடிமனாக இருந்தால்தான் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: குளிர்ந்த டீக்கு இஞ்சிக் காரம் பத்தலைன்னு, பால் கலந்த பிறகு கொஞ்சம் பச்சை இஞ்சிச் சாறு பிழிஞ்சு விட்டேன். அரை மணி நேரத்துல திரிஞ்சு போச்சு, லேசா கசப்பு வேற. பால் கெட்டுப் போயிருக்குமோ?

பால் நல்ல பாலாகத்தான் இருந்திருக்கும். பச்சை இஞ்சியில் ஸிஞ்சிபெயின் என்று ஒரு நொதி இருக்கிறது, அது புரதத்தை வெட்டிப் போடுகிற வேலையைச் செய்யும். பாலில் இருக்கிற புரதத்தை அது வெட்டினால் பால் திரியும், வெட்டுப்பட்ட புரதத் துணுக்குகளில் சில கசக்கவும் செய்யும். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமும் அதேதான்.

இந்த நொதி சூடு தாங்காது, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் செயலிழந்துவிடும். அதனால்தான் எப்போதும் இஞ்சியைத் தண்ணீரில் முதலில் கொதிக்க விட்டு, அப்புறம் பாலுக்குப் போகிறோம். காரம் போதாவிட்டால் இஞ்சியைக் கூடுதலாகக் கொதிக்க விடுங்கள், இல்லையென்றால் இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க வைத்த பாகு ஒன்றைச் செய்து பாட்டிலில் வைத்துக்கொண்டு, தேவைப்படுகிறவர் டம்ளரில் மட்டும் ஒரு ஸ்பூன் விடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு நாக்கு எரிய வேண்டும், இன்னொருவருக்கு இஞ்சி வாசனை வந்தாலே போதும், அந்தப் பாகுதான் சண்டையை நிறுத்தி வைத்திருக்கிறது.

கேள்வி: கருப்பு டீயா வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் சேறு மாதிரி கலங்கி இருக்கிறது. கொட்டிவிடலாமா?

கொட்ட வேண்டாம், அது கெட்டது கிடையாது. டீயில் இருக்கிற பாலிபீனால்களும் கஃபீனும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும், குளிர்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கலாகத் தெரியும். டீ எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கலங்கும், நல்ல சாரமுள்ள தூள் என்பதற்கு அது ஒரு அடையாளம்கூட. பால் ஊற்றப் போகிறீர்கள் என்றால் கண்ணுக்கே தெரியாது. எலுமிச்சை டீக்குத் தெளிவாக வேண்டுமென்றால் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கலக்குங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்த முறை நன்றாக ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: கடையில் விற்கிற மசாலாப் பொடி நல்லதா, முழுசாக இடித்துப் போடுவது நல்லதா? குளிர்ந்த டீயில் மசாலா வாசனையே தெரிவதில்லை.

குளிர்ந்த பானத்துக்கு முழு மசாலாதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பொடி போட்டால் வடிகட்டியைத் தாண்டி வந்து, டம்ளரின் அடியில் படிந்து, கடைசி வாயில் தூளாக நெருடும். சூடான டீயில் அவ்வளவு தெரியாது, ஐஸ் போட்ட டீயை மெதுவாக உறிஞ்சிக் குடிக்கும்போது நன்றாகவே தெரியும்.

வாசனை தெரியாததற்குக் காரணம் குளிர்ச்சி. சூடான டீயிலிருந்து ஆவியோடு வாசனையும் எழும்பி மூக்குக்கு வரும், குளிர்ந்ததில் அது திரவத்துக்குள்ளேயே கிடக்கும். அதனால் சூடான டீக்குப் போடுவது போல ஒன்றரை மடங்காவது போட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கூட்டக் கூடாது. கிராம்பைக் கூட்டினால் நாக்கு மரத்துப் போகும், அதில் இருக்கிற யூஜினால் என்கிற பொருள்தான் பல்வலிக்குத் தடவுகிற கிராம்புத் தைலத்திலும் வேலை செய்வது. அதனால் கிராம்பில் கை வைக்காதீர்கள். மிளகைக் கூட்டலாம், பாலில் இருக்கிற கொழுப்பில் அதன் காரம் நன்றாக இறங்கும். பட்டைக்கு நேரம் வேண்டும், அவசரப்பட்டால் சாரம் இறங்காது.

ஏலக்காய் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. ஒரு பச்சை ஏலக்காயை எடுத்து இடிகல்லில் ஒரே தட்டு தட்டுங்கள். தோல் பிளந்து உள்ளே விதைகள் மூன்று வரிசையாக இருப்பது தெரியும். நல்ல ஏலக்காய் என்றால் அந்த விதைகள் கறுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள், நாக்கு சில்லென்று ஆகி, மூக்கு வரைக்கும் ஏறும். சினியோல் என்கிற எண்ணெய்ச் சத்து செய்கிற வேலை அது. விதை வெளிறிப்போய் உதிரியாகக் கொட்டினால் அந்த ஏலக்காயில் பத்து போட்டாலும் பயன் இல்லை. இந்த எண்ணெய் கொதியில் பறந்துவிடும், அதனால்தான் ஏலக்காயைக் கடைசியில் போடச் சொன்னேன். தோலையும் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் சேர்ந்தே கொதிக்கட்டும்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் கல்லூரி மாணவன், அறையில் ஒரு மின் அடுப்பு மட்டும் இருக்கிறது. மிஷின் இல்லாமல் எஸ்பிரெஸ்ஸோ போட முடியுமா? மோகா பாட் எஸ்பிரெஸ்ஸோதான் என்று நண்பன் சொல்கிறான்.

நண்பரிடம் சொல்லுங்கள், மோகா பாட்டில் (கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி என்று அடுப்பில் வைக்கிற பாத்திரம்) வருவது எஸ்பிரெஸ்ஸோ கிடையாது, ஆனால் உங்கள் தேவைக்கு அது தாராளமாகப் போதும்.

எஸ்பிரெஸ்ஸோ என்பது ஒரு கொட்டை வகையோ வறுவலோ இல்லை. அழுத்தம்தான் எஸ்பிரெஸ்ஸோ. நைஸாக அரைத்து அழுத்தி வைத்த தூளுக்குள் 90 டிகிரியைத் தாண்டின வெந்நீரைச் சுமார் 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கில், அரை நிமிடத்துக்குள் தள்ளி எடுப்பது. இதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. டூரினில் ஆஞ்செலோ மோரியோண்டோ 1884-ல் நீராவியால் காபி போடுகிற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், மிலானில் லூயிஜி பெத்ஸேரா 1901-ல் ஒவ்வொரு கப்பாகப் போடுகிற வடிவத்துக்கு வந்தார். ஆனால் அவை நீராவி அழுத்தத்தில் ஓடியவை, ஒன்றரை பார்தான் கிடைத்திருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கிலே காஜியா கைப்பிடியை இழுத்துப் பிஸ்டனால் அழுத்துகிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார், அதற்குப் பிறகுதான் மேலே அந்தப் பொன்னிற நுரை, க்ரீமா, வந்தது. நாம் இன்று எஸ்பிரெஸ்ஸோ என்று நினைக்கிற பானத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

மோகா பாட் 1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெத்தி கொண்டுவந்தது. அதில் கிடைப்பது ஒன்று, இரண்டு பார்தான். க்ரீமா வராது. ஆனால் பாலும் ஐஸும் போட்டாலும் காணாமல் போகாத அளவுக்குக் கெட்டியான காபி வரும், குளிர்ந்த லாட்டேக்கு, அதாவது பால் நிறையச் சேர்த்த காபிக்கு, வேண்டியது அதுதானே.

நிறைய பேர் மோகா பாட்டைக் குறை சொல்வது அதைத் தீய வைப்பதால். இப்படிச் செய்து பாருங்கள். கீழ்ப் பாத்திரத்தில் ஏற்கெனவே கொதித்த வெந்நீரையே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடாகிற வரை மேலே இருக்கிற தூள் வறுபடும். பக்கத்தில் ஒரு சின்ன வால்வு தெரியும், தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும், அது ஆபத்துக்கு உதவுகிற வழி, மூடிவிடக் கூடாது. தூள் சமையலறைத் தூள் உப்பு அளவு இருக்கட்டும், எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைக்கிற மாதிரி மாவாக வேண்டாம். வடிகட்டியில் தளரத் தளர நிரப்பி விரலால் சமன் செய்யுங்கள், அழுத்தாதீர்கள். துணியால் பிடித்துத் திருகி மூடி (கீழே வெந்நீர் இருக்கிறது, வெறும் கையால் தொட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்) சின்னச் சூட்டில் வைத்து மேல் மூடியைத் திறந்தே விட்டுப் பாருங்கள். முதலில் கருந்தேன் மாதிரி மெதுவாக வழியும், கொஞ்ச நேரத்தில் நிறம் வெளிறி, 'களக் களக்' என்று சத்தம் ஆரம்பிக்கும். அந்த முதல் 'களக்'குக்கே இறக்கிவிட்டு, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டி நிறுத்துங்கள். சத்தம் வந்த பிறகு வருவதெல்லாம் கசப்பு. உங்களுடையது மின் அடுப்பு, அணைத்தாலும் சூடு நிற்கும், அதனால் அணைத்தால் போதாது, தூக்கி இறக்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் இன்ஸ்டன்ட் காபியை இரண்டு டீஸ்பூனுக்கு 30 மில்லி வெந்நீர் விட்டுக் கரைத்துப் பயன்படுத்துங்கள். குளிர்ந்த பாலில் கலக்கும்போது அது ஒன்றும் கேவலம் இல்லை.

கேள்வி: ஆசையாக 15 பார் மிஷின் வாங்கினேன். ஒரு நாள் புளிக்கிறது, ஒரு நாள் கசக்கிறது, நுரை ஒரு நாளும் நிற்பதில்லை. விற்றுவிடலாமா என்று இருக்கிறது.

விற்காதீர்கள், இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற 15, 20 என்பதெல்லாம் பம்ப் அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம், காபித் தூளுக்கு வேண்டியது 9 பக்கம்தான். அந்த எண் பெரிதாக இருப்பதால் காபி நன்றாக வந்துவிடாது.

உங்கள் சிக்கல் அளவு இல்லாதது என்று நினைக்கிறேன். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், மிஷினுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது இதுதான். 18 கிராம் தூள் போட்டால் டம்ளரில் 36 கிராம் காபி வந்ததும் நிறுத்துங்கள், உங்கள் வடிகட்டி சின்னது என்றால் 14-க்கு 28. அதற்கு 25-லிருந்து 30 வினாடி ஆக வேண்டும். பதினைந்து வினாடியில் சரசரவென்று கொட்டிவிட்டால் சாரம் இறங்கவில்லை, புளிக்கும், தூளை இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒரு நிமிடம் ஆனால் கசக்கும், கொஞ்சம் கொரகொரப்பாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றணும். தூள் அளவு, அரைப்பு, அழுத்துவது மூன்றையும் ஒரே காலையில் மாற்றினால் எதனால் சரியாச்சு என்றே தெரியாது.

வடிகட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள். நிறைய ஓட்டைகள் இருந்தால் அது சாதா வடிகட்டி, அதற்குப் புதிதாக, அப்போதே அரைத்த தூள் வேண்டும். வெளிப்பக்கம் ஒரே ஒரு ஊசித் துளை இருந்தால் அது இரட்டை அடுக்கு, கடையில் அரைத்து வாங்கின தூளுக்கென்றே செய்தது, அதில் நுரையும் எளிதில் வரும். பாக்கெட் தூளைச் சாதா வடிகட்டியில் போட்டால் நுரை நிற்காது. நுரைக்குக் காரணம் வறுத்த கொட்டையில் அடைபட்டிருக்கிற கரியமில வாயு. அரைத்து வைத்தால் அது சில நாளில் போய்விடும், முந்தா நாள் வறுத்த கொட்டையில் அளவுக்கு மீறி இருக்கும். வறுத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது.

மிஷினைப் போட்டதும் உடனே காபி எடுக்காதீர்கள். தூள் போடாமல் ஒரு முறை வெறும் வெந்நீரை ஓடவிட்டு, கைப்பிடியும் கப்பும் சூடான பிறகு ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஐஸ் லாட்டேக்கு எதை முதலில் ஊற்றுவது? சோயா பால் ஊற்றினால் துணுக்குத் துணுக்காகப் பிரிகிறது.

பால், ஐஸ், கடைசியில் காபி. 36 மில்லி எஸ்பிரெஸ்ஸோ ஐஸில் குளிர்ந்து அடங்க 25 கிராமுக்கு மேல் ஐஸ் உருகும், ஆனால் அது கெட்டியான பானம், தாங்கிக்கொள்ளும். தண்ணீர் கொஞ்சமும் கூடக் கூடாது என்று நினைத்தால் காபியை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, அதை ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். பெரிய ஐஸ் கட்டி போட்டால் உருகாது என்பார்கள். தாமதமாக உருகும், அதுதான் உண்மை. மெதுவாகக் குடிப்பவர்களுக்கு அது உதவும்.

சோயா பிரிவது காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து அதன் புரதத்தைத் தாக்குவதால். மேலே சொன்ன மாதிரி காபியை ஆற வைத்து ஊற்றினாலே பாதி சரியாகிவிடும். கொஞ்சம் ஆழமாக வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு, அதையும் பாருங்கள்.

கேள்வி: நீராவிக் குழாய் இல்லாமல் பால் நுரை எடுப்பது எப்படி? மிக்ஸியில் அடித்தால் உடனே அடங்கிப் போகிறது.

நுரையைத் தூக்கிப் பிடிப்பது பாலின் புரதம். கொழுப்பு ருசிக்கு. அதனால் கொழுப்பு எடுத்த பாலில் நுரை மலை மாதிரி வரும், வாயில் வைத்தால் காற்று. முழுக் கொழுப்புப் பாலில் குறைவாக வரும், ஆனால் கெட்டியாக, க்ரீம் மாதிரி இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நீங்கள் வெதுவெதுப்பான பாலை அடித்திருப்பீர்கள் என்று சந்தேகம். நுரைக்கு ஆகாதது அந்தப் பதம்தான், கொழுப்பு பாதி உருகின நிலையில் இருந்துகொண்டு குமிழிகளை உடைத்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பாலை அடியுங்கள், அல்லது 60, 65 டிகிரிக்குச் சூடாக்கி அடியுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தின் பக்கத்தில் உள்ளங்கையை ஒரு வினாடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. அதற்கு மேல் போனால் காய்ச்சின பால் வாசனை வந்து காபியை அமுக்கிவிடும்.

குளிர்ந்த பானத்துக்கு எளிய வழி, மூடி இறுக்கமான பாட்டிலில் பாதி வரை குளிர்ந்த பால் ஊற்றி முக்கால் நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். பிரெஞ்சு பிரஸ் (கம்பியில் வலைத்தட்டு பொருத்தின காபிக் குவளை) இருந்தால் அதன் கம்பியை இருபது, முப்பது முறை மேலும் கீழும் அடித்தால் இன்னும் நைஸாக வரும். சூடான பாலை மூடின பாட்டிலில் குலுக்கவே கூடாது, அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. குளிர்ந்த மசாலா டீயில் எஸ்பிரெஸ்ஸோ ஊற்றித் தினமும் கேட்கிறாள். கொடுக்கலாமா? முதலில் டீயில் காபி ஊற்றலாமா?

ஊற்றலாம். ஏலக்காயும் பட்டையும் காபிக்கு நன்றாக ஒத்துப்போகும், 200 மில்லி டீக்கு ஒரு ஷாட் எஸ்பிரெஸ்ஸோ, அதாவது மேலே சொன்ன 18 கிராம் தூள் அளவில் பாதி, போதும். எனக்கே மிகவும் பிடித்தது.

தினமும் என்பதுதான் யோசிக்க வேண்டியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன வரம்பு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன், கர்ப்பிணிகளுக்கு 200. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். உங்கள் மகள் 45 கிலோ என்று வைத்தால் 135. ஒரு ஷாட் எஸ்பிரெஸ்ஸோவில் 60-லிருந்து 80 வரை இருக்கும், சாதாரணப் பதத்து டீ ஒரு டம்ளரில் 40, 50 (கெட்டியாகப் போட்டால் இன்னும் கூடும்), அப்போதே அந்த வரம்பை ஒட்டி வந்துவிட்டாள், அதற்கு மேல் சாக்லேட், கோலா ஏதாவது சாப்பிட்டால் தாண்டிவிடும். தினசரிக்கு டீ மட்டும், அதுவும் மதியத்துக்கு முன்னால். விடுமுறை நாளில் காபி சேர்த்துக் கொடுங்கள், அல்லது கஃபீன் நீக்கிய தூளில் போட்டுக் கொடுங்கள். இரவில் தூக்கம் வரவில்லை என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். இரும்புச் சத்து குறைவாக இருக்கிற பெண் என்றால் சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

கேள்வி: வெயிலில் வைத்தே டீ இறக்கலாம் என்று படித்தேன். கேஸ் மிச்சமாகுமே?

வேண்டாம். வெயிலில் வைத்த தண்ணீர் கிருமியைக் கொல்கிற அளவுக்குச் சூடாகாது, வளர்க்கிற சூட்டில் மணிக்கணக்கில் நிற்கும். கேஸ் மிச்சம் செய்ய வேண்டுமென்றால் குளிர்ந்த தண்ணீரில் டீத்தூள் போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஏழெட்டு மணி நேரம் வையுங்கள், கசப்பே இல்லாமல் தெளிவாக இறங்கும். மசாலா அப்படிக் குளிரில் இறங்காது, அதைத் தனியாகக் கொதிக்க வைத்து ஊற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: ஐஸ்தான் பிரச்சினை என்றால், டீயையே ஐஸ் கட்டியாக்கிவிட்டால்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். தாராளமாகச் செய்யலாம், மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும். கெட்டி டிக்காஷனை அப்படியே உறைய வைக்காதீர்கள், நீங்கள் குடிக்கிற பதத்துக்குத் தண்ணீர் சேர்த்த பிறகு உறைய வையுங்கள், இல்லாவிட்டால் உருக உருகக் கடைசி வாய் கஷாயமாகிவிடும். சர்க்கரை சேர்க்காதீர்கள், சேர்த்தால் கட்டி இறுகாமல் நொறுநொறுவென்று இருந்து சீக்கிரம் கரையும். பாலும் வேண்டாம், உறைந்து உருகும்போது திப்பி திப்பியாகப் பிரியலாம். மிஞ்சின மோகா காபியையும் இதே மாதிரி தண்ணீர் விட்டு உறைய வைக்கலாம், ஐஸ் லாட்டேக்கு அதைவிடப் பொருத்தமான கட்டி கிடையாது. ஐஸ் தட்டை மூடி வையுங்கள், திறந்து வைத்தால் ஃப்ரீசரில் இருக்கிற மீன் வாசனை அத்தனையும் டீக்குள் வந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.